ஆனந்தரங்கர் நாட்குறிப்பும் நம் இல்லத்துக் கடிதக் கட்டும்

மன்னர்களின் வரலாற்றுக்குக் கல்லும் செப்பேடும் சான்று கூறுகின்றன. மைசூர்ச் சீமையின் கல்வெட்டுகளை ஊர் ஊராகத் தேடித் தொகுத்தவர் பி. எல். ரைஸ் என்னும் அறிஞர். அத்தொகுதிகளுள் நஞ்சன்கூடு வட்டத்தையும் உள்ளடக்கிய மூன்றாம் தொகுதி 1894ஆம் ஆண்டில் வெளிவந்தது. கன்னடக் கல்வெட்டுகளோடு சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளும் இம்மாவட்டத்தில் உண்டு. மன்னர் வழங்கிய கொடையைக் கல் காத்தது, சரி. பிழைப்பை நாடிக் காவிரிக் கரையையும் கொங்கு நாட்டையும் விட்டுக் கபிலைக் கரைக்கு வந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றை எது காக்கும்?

அதனைக் காப்பவை மூன்று. முதியோர் நினைவு ஒன்று, கடிதங்கள் ஒன்று, அரிதாகச் சில இல்லங்களில் எழுதப்பட்ட நாட்குறிப்பு மற்றொன்று. இவற்றுள் நினைவு ஆளோடு மறைவது. ஏனைய இரண்டும் கம்பியில் குத்திய கட்டாகவோ தகரப் பெட்டியின் அடியில் துணி சுற்றிய பொதியாகவோ இன்றும் பல இல்லங்களில் கிடக்கின்றன. அவற்றை வைத்துக் குலத்தின் பழம்பெருமையை எழுதிவிடலாம் என்று கருதுவோர் உளர். பழங்குப்பை என்று எடைக்குப் போடுவோரும் உளர். இரு சாராரும் அத்தாள்களைப் படிக்கவில்லை என்பதே என் கருத்து. ஒரு நாட்குறிப்பை, ஒரு கடிதத்தை, சான்றாகக் கொண்டு படிப்பது எங்ஙனம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குத் தமிழில் கிடைத்துள்ள மிகப் பெரிய நாட்குறிப்பையே உரைகல்லாகக் கொள்வோம்.

குடியேறிய குடும்பத்தின் ஏடு

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பிரெஞ்சியர் ஆட்சியின் வரலாறாகவே பலரும் படித்துள்ளனர். துய்ப்ளேயின் அரசியலும் ஆங்கிலேயரோடு நடந்த போரும் அதில் விரிவாக இடம்பெறுவதால் அவ்வாறு படிப்பது இயல்பே. ஆயினும் அஃது ஒரு குடியேறிய குடும்பத்தின் ஏடு என்பதையும் நாம் மறத்தலாகாது. 1709ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர் ஆனந்தரங்கர். அவர் தந்தை திருவேங்கடம் பிள்ளை, மைத்துனர் நைனியப்ப பிள்ளையின் அழைப்பை ஏற்றுக் குடும்பத்தோடு புதுச்சேரியில் குடிபுகுந்தார். உறவினர் ஒருவர் முன்னே சென்று கால் ஊன்றுவதும், பின்னர் மற்றவரை அழைத்துக்கொள்வதும் குடியேற்றத்தின் பொது இலக்கணம். நம் குடும்பங்களில் பலவும் அவ்விலக்கணத்துக்கு உட்பட்டவையே.

அக்குடும்பத்தின் தொடக்கம் பெருமை மட்டும் நிறைந்ததன்று. தலைமைத் துபாசியாக இருந்த நைனியப்பர் 1716இல் சிறைப்பட்டு, 1717இல் சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப்பர் பாரிசு வரை சென்று குடும்பத்தின் மானத்தை மீட்டு வந்தார். இந்நிகழ்ச்சிகள் நடந்தபோது ஆனந்தரங்கர் சிறுவர். நள ஆண்டு ஆவணித் திங்களில், ஆங்கிலக் கணக்கில் 1736 செப்டம்பர் 6ஆம் நாள், அவர் நாட்குறிப்பை எழுதத் தொடங்கினார். 1761 சனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழும் தறுவாயில், அவர் வாழ்வு முடிந்தது. அவருக்குப் பின்னும் அக்குடும்பத்தார் நாட்குறிப்பு எழுதும் வழக்கத்தைத் தொடர்ந்தனர்.

இந்நூல் நமக்குக் கிடைத்த வரலாறும் ஒரு பாடம். ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் வீட்டினுள் கிடந்த ஏடுகளை 1846இல் கலுவா மோம்பிராம் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டறிந்து படியெடுக்கச் செய்தார். அரியேல் என்பார் எடுப்பித்த படி பாரிசு நூலகத்தைச் சேர்ந்தது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலமோ 1948இல்தான் அச்சேறத் தொடங்கியது. தமிழர் எழுதிய தமிழ் நாட்குறிப்பு, ஆங்கிலத்தில் முற்றுப்பெற்று இருபது ஆண்டுகள் கழித்தே தமிழில் வெளிவந்தது. அதுவும் இடையிடையே நாட்கள் விடுபட்ட நிலையில் கிடைத்துள்ளது. உரிய காலத்தில் ஒருவர் படியெடுத்திராவிடின் இன்று நாம் பேசுவதற்கே ஒன்றும் இராது.

நம்பத்தக்கதும் ஐயுறத்தக்கதும்

இனி நூலின் தன்மையை நோக்குவோம். நாட்குறிப்பில் எழுதியதனாலேயே எல்லாம் உண்மையாகிவிடாது. ஆனந்தரங்கருக்கு முன் தலைமைத் துபாசியாக இருந்த கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் இறந்தார். அவரைப் பற்றியும் அவர் சுற்றத்தாரைப் பற்றியும் ஆனந்தரங்கர் எழுதியவற்றில் போட்டியாளரின் மனம் வெளிப்படுகிறது. துய்ப்ளேயின் மனைவியைப் பற்றிய பகுதிகளிலும் கசப்பு மிகுதி. தம் அறிவையும் நல்லூழையும் பிறர் பாராட்டியதாக அவர் எழுதும் இடங்களோ பல. இவற்றை அப்படியே வரலாறாகக் கொண்டால், அவர் பகைவர்க்கு நாம் பெரும் அநீதி இழைத்தவர் ஆவோம்.

மறுபுறம், எந்தக் கப்பல் எப்போது வந்தது, என்ன சரக்கு இறங்கியது, எந்த நாழிகையில் யார் வந்தார், யாருக்கு எத்தனை கெசம் சகலாத்து வெகுமதியாகக் கொடுக்கப்பட்டது, திருமண வீட்டுக்கு ஆளுநர் வந்தபோது எவ்வாறு வரவேற்றனர் என்பன போன்ற செய்திகளில் அவர் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. இவற்றை எழுதும்போது பின்வருவோரிடம் பெயர் வாங்கும் எண்ணமும் அவருக்கு இல்லை. ஆகவே இப்பகுதிகளே வரலாற்றாசிரியருக்குப் பொன் போன்றவை. ஒருவர் வலியுறுத்திச் சொல்வதை ஐயத்தோடு அணுகுக. போகிற போக்கில் சொல்லிச் செல்வதை மதித்துக் குறித்துக்கொள்க. இது முதல் விதி.

1748 செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பற்றிய பகுதி இவ்விதியை மேலும் கூர்மையாக்கும். அந்நிகழ்ச்சிக்கு அந்நாட்குறிப்பு இன்றியமையாத சான்று. ஆயினும் எழுதியவர் யார்? இடிக்க ஆணையிட்ட ஆட்சியின் தலைமைத் துபாசி. அதே வேளையில் அக்கோயிலுக்காக வருந்திய மக்களுள் ஒருவர். ஊராருக்கும் ஆளுநருக்கும் இடையே நின்ற ஒருவர், தம்மைப் பற்றிய பழியை எவ்வாறு விலக்க முனைவார் என்பதையும் மனத்திற்கொண்டு படித்தால்தான் அப்பகுதியின் துயரம் முழுமையாக விளங்கும். எழுதியவர் எங்கே நின்று எழுதினார் என வினவுக. இஃது இரண்டாம் விதி.

மூன்றாவது, எழுதப்படாதவற்றை நோக்குதல். இத்தனை தொகுதிகளிலும் அவ்வீட்டுப் பெண்டிர் மணம், மகப்பேறு, நோய், இறப்பு ஆகியவற்றின்போதே பெரும்பாலும் தோன்றுகின்றனர். மனைவி மங்கைத்தாயம்மாள் எதைக் கண்டார், எதை எண்ணினார் என்பதை அவர் வாய்மொழியாக அறிய நமக்கு வழி இல்லை. ஒரு குடும்பத்தின் ஏடு, அக்குடும்பத்தின் பாதிப் பேரைப் பற்றி வாய்மூடி இருக்கக்கூடும் என்பதை இதனால் உணர்கிறோம்.

நஞ்சராசரும் நந்திராஜாவும்

இந்நாட்குறிப்பு நம் ஊரோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் தருகிறது. நஞ்சன்கூட்டுக்கு அண்மையில் உள்ளது களலே என்னும் சிற்றூர். மைசூர் அரசுக்குத் தளவாய்களை அளித்த குடி அவ்வூரினது. அக்குடியில் வந்து, தமையன் தேவராசரோடு சேர்ந்து அரசின் அதிகாரம் அனைத்தையும் கையில் வைத்திருந்தவர் கராச்சூரி நஞ்சராசர். நஞ்சுண்டேசுவரரிடம் பேரன்பு பூண்டவர். கன்னடத்தில் நூல்கள் இயற்றியவர். இவர் 1752இல் பெரும்படையோடு திருச்சிராப்பள்ளிக்குச் சென்றார். உதவிக்குக் கைம்மாறாகத் திருச்சிராப்பள்ளியைத் தருவதாக முகமது அலி கூறிய சொல் நிறைவேறாது போகவே, பிரெஞ்சியர் பக்கம் சேர்ந்து போரிட்டார். 1755இல் வெறுங்கையோடு திரும்பினார்.

ஆனந்தரங்கர் ஏட்டில் இவர் நந்திராஜா என்னும் பெயரால் வருகிறார். நஞ்சுண்ட பெருமானின் பெயரைத் தாங்கியவர், கடற்கரை ஊரில் நந்தியின் பெயரைப் பெற்றுவிட்டார். நஞ்சன்கூட்டார் ஒருவர் தம் ஊர்ப் பெருமகனை அந்நூலில் தேடினால், நஞ்சராசர் என்று தேடிக் காண இயலாது. மேலும், அங்கு அவர் பக்தராகவோ புலவராகவோ காட்சி தருவதில்லை. பணத்துக்கும் படைக்கும் பேரம் பேசும் ஒருவராகவே காட்சி தருகிறார். தொலைவில் இருந்தபடி தூதர் வாயிலாகவும் கடிதம் வாயிலாகவும் கேட்டறிந்தவற்றையே ஆனந்தரங்கர் எழுதினார் என்பதும் நினைக்கத்தக்கது. உள்ளூர் நினைவு ஒரு முகத்தைக் காட்டும். அயலூர் ஏடு மற்றொரு முகத்தைக் காட்டும். இரண்டும் ஒருவருடையவையே.

நம் முன்னோருக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் ஒரு பெயராலும் இங்கே மாற்றெழுத்தால் அமைந்த வேறு வடிவாலும் வழங்கப்பட்டோர் எண்ணற்றோர். தமிழில் முருகேசன் என்றிருப்பவர் கன்னடப் பதிவேட்டில் முருகேஷ் என்றிருக்கலாம். தந்தை பெயரின் முதலெழுத்து ஊர்ப்பெயராக மாறியிருக்கலாம். கடிதத்து உறையில் உள்ள பெயரையும் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரையும் அருகருகே வைத்து ஒப்பிடாதவர், ஒருவரையே இருவராக எண்ணி மயங்குவர்.

நினைவும் கடிதமும்

நாட்குறிப்புக்கு அடுத்தபடி கடிதத்தை நோக்குவோம். நினைவுக்கும் கடிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிய உ. வே. சாமிநாதையரை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அவருடைய ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைவால் முற்றுப்பெறாது நின்றது. எண்பத்தைந்தாம் அகவையை நெருங்கும் நாளில், இளமையை நினைந்து எழுதிய நூல் அது. முடிவு தெரிந்த பின் தொடக்கத்தைச் சொல்லும்போது எல்லாம் ஓர் ஒழுங்கில் அமைந்துவிடுகின்றன. இடர்கள் வெற்றிக்குப் படிகளாகிவிடுகின்றன.

அவருக்கு வந்த கடிதங்களோ வேறு வகையின. 1877 முதல் 1900 வரையிலான கடிதங்கள் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் 2018இல் நூலாக வெளிவந்தன. கடிதம் எழுதுவோர்க்கு மறுநாள் என்ன நிகழும் என்பது தெரியாது. ஏடு கிடைக்குமா, பணம் வருமா, அச்சு முடியுமா என்னும் ஐயத்தின் நடுவே எழுதப்பட்டவை அவை. இதனால் ‘என் சரித்திரம்’ குறையுடையது என்பது பொருளன்று. அகவை முதிர்ந்த ஒருவர் தம் வாழ்வுக்குக் காணும் பொருளை நினைவு தருகிறது. அவ்வாழ்வு நடந்துகொண்டிருந்தபோது இருந்த நிலையைக் கடிதம் தருகிறது. குடும்ப வரலாறு எழுதுவோர்க்கு இரண்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றைத் திருத்துவதற்கு இடம் கொடுக்கவும் வேண்டும்.

நம் கட்டை அவிழ்த்தால்

இவ்விதிகளோடு நம் இல்லத்துக் கட்டை அவிழ்ப்போம். முதலில் எதிர்ப்படுவது காலக் கணக்கு. பழங்கடிதங்களில் நாளைக் குறிக்க ௳ என்றும், மாதத்தைக் குறிக்க ௴ என்றும், ஆண்டைக் குறிக்க ௵ என்றும், மேற்படி என்பதற்கு ௸ என்றும் எழுதுவர். ஆண்டின் பெயரோ அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் வரும். ‘பிரபவ’ என்று மட்டும் எழுதியிருப்பின் அது 1867ஆ, 1927ஆ, 1987ஆ? தாளே விடை கூறும். அஞ்சலட்டையாயின் 1867 ஆகாது. இந்தியாவில் அஞ்சலட்டை வந்தது 1879இல். உள்நாட்டு அஞ்சல் உறை வந்தது 1950இல். அணாவில் விலை இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முற்பட்டதாகலாம். ‘சென்னை ராஜ்யம்’ என்னும் முகவரி 1969க்கு முந்தைய வழக்கு. ‘மைசூர் ராஜ்யம்’ என்பது 1973 நவம்பருக்கு முந்தையது. பின்கோடு எண் 571301 எழுதப்பட்டிருந்தால் 1972 ஆகஸ்டு 15க்குப் பிற்பட்டது. பழக்கத்தால் பழம்பெயரையே தொடர்ந்து எழுதினோரும் உண்டாதலால், முகவரியை அஞ்சல் முத்திரையோடு வைத்துத் துணிதல் வேண்டும்.

இங்கு வாழ்வோர் மற்றொன்றையும் அறிதல் நலம். கன்னடியருக்கு யுகாதியில் ஆண்டு பிறக்கும். நமக்குச் சித்திரையில் பிறக்கும். ஆண்டுப் பெயர்கள் ஒன்றே. யுகாதிக்கும் சித்திரை முதல் நாளுக்கும் இடைப்பட்ட நாட்களில், கன்னட அழைப்பிதழ் புத்தாண்டின் பெயரைத் தாங்கியிருக்க, தமிழ்க் கடிதம் பழைய ஆண்டின் பெயரையே தாங்கியிருக்கும். இதனை அறியாதவர் ஒரே நிகழ்ச்சியை ஓராண்டு தள்ளி எழுதிவிடுவர்.

அடுத்தது கடிதத்தின் வாய்பாடு. இங்கு யாவரும் நலம், தங்கள் நலம் அறிய அவா என்பது எல்லாக் கடிதங்களிலும் உண்டு. அதனைச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. அவ்வாய்பாடு முடிந்தபின், மற்றபடி என்று தொடங்கும் இடத்தில்தான் குடும்பம் பேசத் தொடங்குகிறது. விதைநெல்லுக்குக் கடன் வாங்கியது, ஆலையில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டது, தங்கையின் சீருக்குப் பணம் அனுப்பச் சொன்னது ஆகிய யாவும் அங்கே உள்ளன. குலப்பெருமை பேசும் வம்ச வரலாறுகள் விட்டுவிடும் செய்திகள் இவையே. நம் முன்னோர் இவ்வூருக்கு வந்த காரணமும் பெரும்பாலும் இவற்றுள்தான் இருக்கும்.

பெண்டிர் கடிதங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். எழுதப் படிக்க அறியாத தாய் சொல்ல, அண்டை வீட்டுச் சிறுவனோ அஞ்சற்காரரோ எழுதியவை பல. கையெழுத்து ஒருவருடையது, சொல் மற்றொருவருடையது. பிறர் கேட்கச் சொல்ல முடிந்ததை மட்டுமே அத்தாய் சொல்லியிருப்பார். வம்சாவளிப் படத்தில் பெண்மக்கள் பெயர் விடுபட்டிருந்தால் மொய் நோட்டைத் தேடுக. இன்ன ஊர், இன்னார், இத்தனை ரூபாய் என்று வரிசையாக எழுதிய அந்நோட்டில், மணமாகிப் போன அத்தைமாரின் ஊரும் புகுந்த வீட்டார் பெயரும் கிடைக்கும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. திருமண ஓலைக்கு மூலையில் மஞ்சள் தடவி வைத்திருப்போம். அது பெட்டியில் தங்கிவிடும். இறப்புச் செய்தியும் கருமாதிப் பத்திரிகையும் வந்தால், படித்தவுடன் கிழித்தெறிவது நம் வழக்கம். அதனை வீட்டில் வைப்பதில்லை. ஆகவே எந்த வீட்டுக் கட்டை அவிழ்த்தாலும் மணங்கள் நிரம்பியிருக்கும், மரணங்கள் இரா. ஒருவர் கையெழுத்து ஓர் ஆண்டோடு நின்றுவிட்டதா? விசாரிப்புகளில் ஒருவர் பெயர் திடீரென விடுபட்டதா? அவ்விடைவெளியே அவர்தம் கல்லறைக் கல்வெட்டு. கட்டில் இருப்பதைப் படிப்போர் பலர். இல்லாததையும் படிக்கத் தெரிந்தவரே வரலாறு எழுதத் தக்கவர்.

செய்யத்தக்கது

நாட்குறிப்பையும் கடிதத்தையும் புகழுக்கு ஆதாரம் தேடும் இடமாகக் கொள்வது தவறு என்பதே இதுகாறும் கூறியவற்றின் சாரம். குலமுதல்வர் அரசரிடம் பரிசு பெற்றார் என்னும் கதைக்குக் கடிதத்தில் சான்று கிடைக்காமல் போகலாம். அவர் நாற்பது ரூபாய்க் கடனுக்கு அஞ்சி இரவோடு இரவாக வண்டி ஏறினார் என்பது கிடைக்கலாம். கிடைத்ததை ஏற்கும் துணிவு வேண்டும். அவ்வேழ்மையிலிருந்து மக்களைப் படிக்க வைத்தது, இல்லாத பரிசினும் பெருமை உடையதன்றோ?

அதே வேளையில், கடிதம் எழுதியவர் அதனை ஊருக்காக எழுதவில்லை. உயிரோடு இருப்போரின் மனத்தைப் புண்படுத்தும் செய்திகளை வெளியிடுமுன் உரியவர் இசைவைப் பெறுதல் அறம். இசைவு கிடைக்காவிடின், காத்து வைத்தலே போதும். காலம் வரும்போது பேரர் முடிவு செய்யட்டும்.

ஆனால் அப்பேரர் அதனைப் படிக்க வல்லவரா? இதுவே நம்மை எதிர்நோக்கும் வினா. நம் மக்கள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்கின்றனர். வாழும் நாட்டின் மொழியைக் கற்பது கடமை. அதில் குறை கூற ஒன்றுமில்லை. நஞ்சுண்டேசுவரர் திருக்கோயிலில் அறுபத்துமூவர் படிமங்களைக் கன்னடியரும் தமிழரும் ஒருங்கே வணங்கும் ஊர் இது. ஆயினும் பாட்டனார் கையெழுத்தில் உள்ள தமிழும், ௳ ௴ ௵ என்னும் குறிகளும் அப்பிள்ளைகளுக்குக் கல்வெட்டு எழுத்தைப் போல் ஆகிவிட்டன. ஆனந்தரங்கர் ஏடு எண்பத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க முடிந்தது. படிக்க வல்லார் சூழ இருந்தனர். நம் கட்டுகளுக்கு அந்த அவகாசம் இல்லை. தாள் மக்குவதற்கு முன்பே படிப்பார் அற்றுப்போவர்.

ஆதலின் இன்றே செய்யத்தக்கவை சில. கட்டை வரிசை குலைக்காது அவிழ்த்து, உறையையும் கடிதத்தையும் பிரிக்காது வைத்து, ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளலாம். முதியவர் ஒருவர் உரக்கப் படிக்க, இளையவர் ஒருவர் கன்னட எழுத்திலேனும் எழுதிக்கொள்ளலாம். கடிதத்தில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் இவர் யார், நமக்கு என்ன உறவு என்பதை முதியவரைக் கேட்டு அருகே குறிக்கலாம். அக்குறிப்பு இல்லாத கடிதம், முகவரி இழந்த உறை போன்றது. தமிழ்ச் சங்கங்கள் விடுமுறை நாட்களில் பழங்கையெழுத்துப் படிக்கும் பயிற்சியை இளைஞர்க்கு அளிக்கலாம். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் ஆர்வத்தால் சேர்த்த நூல்களையும் தாள்களையும் அடித்தளமாகக் கொண்டு எழுந்ததே. தனி ஒருவரால் அத்துணை இயலுமாயின், ஓர் ஊரின் தமிழ்க் குடும்பங்கள் கூடினால் இயலாததுண்டோ?

கல்லில் எழுதப்பட்டதைப் படிக்க அறிஞர் வெளியூரிலிருந்து வந்தனர். நம் வீட்டுத் தாளில் எழுதப்பட்டதைப் படிக்க அவ்வாறு எவரும் வாரார். அது நம் வேலை. படிக்கத் தெரிந்தவர் நம்மிடையே இருக்கும்போதே அதைச் செய்து முடிப்போமாக.